காரின் பின்னால் சைக்கிள்: வன்னிக் குடும்பத்துக்கு எந்தத் தாங்கி?

வவுனியாவில் வீடு, முள்ளியவளையில் அம்மா. பள்ளிக்கூட விடுமுறை விட்டால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சைக்கிளையும் கொண்டு போவமா?" என்றுதான். நியாயமான கேள்வி. வவுனியா நகருக்குள் பத்து வயதுப் பிள்ளையைக் கண்டி வீதியில் சைக்கிள் ஓடவிட எனக்கு மனம் வராது. பஸ், லொறி, ஓட்டோ எல்லாம் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகும் வீதி அது. அம்மா வீட்டில் அப்படியில்லை. படலையைத் திறந்தால் ஒழுங்கை, ஒழுங்கை முடிந்தால் வயல், அதைத் தாண்டினால் வற்றாப்பளைக்குப் போகும் வீதி, நந்திக்கடல் காற்று. சைக்கிள் ஓடிப் பழக இதைவிட நல்ல இடம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது.

இரண்டு வீட்டுக்கும் இடையே ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். ஏ9 வீதியில் மாங்குளம் வரை போய், வலது பக்கம் திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக ஏ34இல் போகவேண்டும். இந்தத் தூரத்துக்குச் சைக்கிள்களை எப்படிக் காரில் ஏற்றுவது என்று கேட்டும் படித்தும் பார்த்தேன். அப்போதுதான் ஜேர்மனியிலிருந்து அத்தான் தொலைபேசியில் சொன்னார்: "மச்சாள், இங்க எல்லாரும் காருக்குப் பின்னால கொழுக்கியில பூட்டித்தான் கொண்டு போறம். வரேக்க ஒண்டு கொண்டு வரட்டோ?"

டோ பார் என்று சொல்லும் இழுவைக் கொழுக்கி எங்கள் பக்கத்துக் குடும்பக் கார்களில் அநேகமாக இல்லை. உழவு இயந்திரத்துக்கும் லான்ட்மாஸ்டருக்கும் உண்டு, சில டபுள் கப்களுக்கும் உண்டு. அதனால் பக்கத்து வீட்டாரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயமாக இது இல்லை. நான் சேர்த்ததை எல்லாம் இங்கே விரிவாக எழுதுவது அதனால்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தாங்கியைப் பார்க்கமுன் சைக்கிளை நிறுக்க வேண்டும், காரின் கொழுக்கி எத்தனை கிலோவைத் தாங்கும் என்று அறியவேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஏன் நிறுக்க வேண்டும்? ஐரோப்பாவில் பலர் இந்தத் தாங்கிகளில் ஏற்றுவது பன்னிரண்டு, பதினைந்து கிலோச் சைக்கிளை. எங்கள் வீட்டுச் சைக்கிள் அதுவல்ல. பாணந்துறையில் செய்யும் லுமாலாவை எடுத்துக்கொள்ளுங்கள். இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் முழு மட்காட், செயின் மூடி, பின்னால் ஆளிருந்து போகக்கூடிய கரியர், இரட்டைக் கால் ஸ்ராண்ட், பூட்டு. எல்லாம் சேர்ந்து பதினெட்டு, இருபது கிலோ வந்துவிடும். அந்தப் பாரம் ஒரு குறையல்ல. பாரத்துக்காகவே செய்த சைக்கிள் அது.

வன்னியில் சைக்கிள் எதையெல்லாம் சுமந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்குக்குள் போக எனக்கு விருப்பமில்லை. தொண்ணூறுகளில் ஏ9 மூடப்பட்டு, எரிபொருளுக்குத் தடை இருந்த வருடங்களில் மோட்டார் சைக்கிள்கள் ஒரு சொட்டுப் பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. அதுவும் கிடைக்காதவர்களுக்குச் சைக்கிள்தான். ஆனையிறவு வழி அடைபட்டிருந்தபோது குடாநாட்டிலிருந்து கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள் சைக்கிளையும் வள்ளத்தில் ஏற்றினார்கள். இக்கரையில் இறங்கியதும் அதில் மூட்டையையும் பிள்ளைகளையும் வைத்து மிதித்தார்கள். விறகு, நெல், மண்ணெண்ணெய்க் கான், நோயாளி எல்லாம் கரியரில் போனது. 2009இல் முள்ளிவாய்க்காலிலும் வட்டுவாகலிலும் மக்கள் விட்டுவிட்டு நடந்த பொருட்களுக்குள் சைக்கிள்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. மீளக் குடியேறியபோது பல குடும்பங்களுக்குத் திரும்பக் கிடைத்த முதல் வாகனமும் சைக்கிள்தான். 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் நாடே சைக்கிளைத் தேடியது. எங்கள் பக்கத்தில் அதைத் தேட வேண்டியிருக்கவில்லை. வீட்டுத் தாழ்வாரத்தில் ஏற்கெனவே நின்றது.

அதனால்தான் "அதை விட்டிட்டுப் பாரமில்லாத புதுச் சைக்கிள் வாங்குங்கோ" என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். தாங்கிதான் சைக்கிளுக்கேற்ப அமைய வேண்டும்.

சரி, காரில் சைக்கிள் ஏற்ற மூன்று வழி உண்டு. கூரை, டிக்கிக் கதவில் பட்டி போட்டுக் கட்டுவது, கொழுக்கி.

கூரையை நான் நீண்ட நேரம் யோசிக்கவில்லை. இருபது கிலோச் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி நேராக நிறுத்திப் பூட்ட வேண்டும். இரண்டு ஆம்பிளைகள் நின்றால் சரி, நான் பிள்ளைகளோடு தனியே போகும் நாளில் நடக்காது. பல சின்னக் கார்களின் கூரை தாங்கும் எடை, குறுக்குச் சட்டங்களையும் சேர்த்தே, பெரும்பாலும் 50 முதல் 75 கிலோவுக்குள்தான். ஊர் ஒழுங்கைகளில் மாங்கொப்பும் காவோலையும் தாழ்ந்து நிற்கும். மேலே சைக்கிள் இருப்பதை மறந்து வீட்டுப் போட்டிக்கோவுக்குள் காரை விட்டால் கூரையும் போகும், சைக்கிளும் போகும். ஹையேஸ் வான் வைத்திருப்பவர்களுக்கு இது வேறு கதை. அவர்களின் கூரையில் கம்பித் தட்டு இருக்கிறது, ஏணியும் இருக்கிறது. படுக்கவைத்துக் கயிறு போட்டால் போதும். அவர்கள் இதற்குமேல் வாசிக்கத் தேவையில்லை.

டிக்கிக் கதவில் கட்டும் தாங்கி மலிவு, மடித்தால் ஒரு பைக்குள் அடங்கும். பிள்ளைகளின் சின்னச் சைக்கிள் ஒன்றைக் கிட்டத்துக்குக் கொண்டுபோக அது போதும். ஆனால் இப்போதைய ஜப்பான் கார்கள் சிலவற்றின் பின்கதவு பிளாஸ்ரிக். மேலே காற்றுத் தடுப்பான், நடுவே கண்ணாடி. பட்டியின் கொக்கியை எங்கே கொழுவுவது? இன்னொன்று எங்கள் செம்மண் தூசி. பட்டிக்கும் வர்ணத்துக்கும் இடையில் அது புகுந்துவிட்டால், நூறு கிலோமீற்றர் ஓட்டத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த வேலையைச் செய்துவிடும். கொஞ்சத் தூரம் போனதும் பட்டி தளரும். நூறு கிலோமீற்றருக்கு இதை நம்ப எனக்குத் துணிவில்லை.

மிஞ்சியது கொழுக்கி. சைக்கிளின் சில்லு இடுப்பளவு உயரத்துக்குக் கீழேயே நிற்கும். தூக்குவது சுலபம், காரின் வர்ணத்தில் எதுவும் படாது, காற்றுத் தடையும் கூரையைவிடக் குறைவு. ஐரோப்பாவில் இது பரவலாக இருப்பதில் வியப்பில்லை. ஆனால் முழுப் பாரமும் ஒரே ஒரு இரும்பு உருண்டையில் நிற்கிறது. 50 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டை.

கொழுக்கியின் பலத்தைக் கேட்டால் எல்லோரும் இழுவைப் பாரத்தைத்தான் சொல்வார்கள்: ஆயிரம் கிலோ இழுக்கும், ஆயிரத்தைந்நூறு இழுக்கும் என்று. சைக்கிள் தாங்கிக்கு அந்த எண் உதவாது. ட்ரெயிலரின் பாரத்தை அதன் சில்லுகள் சுமக்கின்றன, கார் இழுக்க மட்டும் செய்கிறது. தாங்கிக்குச் சில்லு இல்லை. பாரமெல்லாம் உருண்டையைக் கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்தக் கீழ்நோக்கிய பாரத்துக்கென்று தனி எல்லை உண்டு. முறையான டோ பாரில் ஒரு சின்னத் தகடு அடித்திருப்பார்கள். அதில் 'எஸ்' என்ற ஆங்கில எழுத்துக்கு எதிரே கிலோவில் ஓர் எண் இருக்கும், 50 என்றோ 75 என்றோ. காரின் கைநூலிலும் ஓர் எண் இருக்கும். இரண்டில் எது சின்னதோ அதுதான் உங்கள் எல்லை.

இந்த எண்ணிலிருந்து முதலில் தாங்கியின் எடையைக் கழிக்கவேண்டும். இரண்டு சைக்கிளுக்கான தாங்கியே 13 கிலோவிலிருந்து 20 கிலோ வரை வருகிறது. சுவீடனின் தூலே, ஜேர்மனியின் உபேப்லர் போன்றவை செய்யும் மடிப்புத் தாங்கிகளும் இந்த எல்லைக்குள்தான். அத்தான் சொன்ன தாங்கி 17 கிலோ. என் கணவருடைய லுமாலா 20, மகளின் லேடீஸ் சைக்கிள் 16, மகனுடையது 12. கூட்டினால் 65 கிலோ. எங்கள் எல்லை 75, ஆகவே தாளில் பார்த்தால் சரி. எல்லை 50 கிலோ உள்ள காராக இருந்தால் பிள்ளைகளின் இரண்டோடும் இவருடைய சைக்கிள் ஏறவே முடியாது.

நிறுப்பதற்குப் பெரிய வழி ஒன்றும் வேண்டாம். நெல் ஆலையில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தால் அதில் ஏற்றலாம். வீட்டில் ஆள் நிறுக்கும் தராசு இருந்தால், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழியுங்கள். பூட்டு, கூடை, மணி எல்லாம் அப்படியே இருக்கட்டும். வழியில் அவையும் கூடவே வரப்போகின்றன.

இதில் இன்னுமொரு விஷயம் இருக்கிறது. பலர் கவனிக்காதது. துலாவில் ஒரு பக்கம் பாரம் ஏறினால் மறுபக்கம் எழும்புமே, கார் பின்னச்சின்மேல் அதைத்தான் செய்கிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே இரண்டரை மீற்றர் என்று வையுங்கள். தாங்கியும் சைக்கிளும் சேர்ந்த பாரத்தின் மையம் பின்னச்சிலிருந்து ஒன்றேகால் மீற்றர் பின்னால் நிற்கிறது. அப்படியானால் 65 கிலோப் பாரம் முன்னச்சிலிருந்து அதில் பாதியை, 32 கிலோவுக்குமேல், தூக்கிவிடுகிறது. பின்னச்சில் ஏறுவது 65 அல்ல, 97 கிலோ. முன்சில்லால் இழுக்கும் காரில் ஸ்ரியரிங்கும் முன்சில்லில், பெரும்பகுதி பிரேக்கும் முன்சில்லில். மழையில் மாங்குளம் வளைவில் திரும்பும்போது அந்த 32 கிலோ இல்லாதது தெரியும்.

போகும்போது இது பரவாயில்லை. திரும்பும்போது? அம்மா வெறுங்கையோடு அனுப்புவாவா? டிக்கியில் ஒரு மூட்டை அரிசி, தேங்காய், முருங்கைக்காய், கருவாட்டுப் பொதி. பின்சீற்றில் மூன்று பேர். இவை எல்லாம் அதே பின்னச்சில்தான். ஆகவே நானும் இவரும் எடுத்த முடிவு இது: பெரியவர்களின் சைக்கிள் காரில் ஏறாது. பிள்ளைகளின் இரண்டும் மட்டும். தாங்கியோடு 45 கிலோ. 75இல் 30 கிலோ மிச்சம். ஐரோப்பிய வீதிக்கு அந்த மிச்சம் தேவைப்படாமல் இருக்கலாம். ஏ9 இப்போது நல்ல கார்ப்பெற் வீதி. ஆனால் ஊருக்குள் கிரவல் வீதி, மாரிக்குப் பிறகு பள்ளங்கள். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பும் கணத்தில் அந்த உருண்டை தாங்குவது நிறுத்த எடையைவிடப் பல மடங்கு. மிச்சம் வைத்துத்தான் ஆகவேண்டும்.

பாரமான சைக்கிளைக் காருக்குக் கிட்டவும், பாரம் குறைந்ததை வெளியிலும் வையுங்கள். பின் ரயர்களுக்கு, முழுப் பாரத்துக்கென்று கதவோரத்தில் ஒட்டியிருக்கும் காற்றளவைப் போடுங்கள். இந்த இரண்டும் செலவில்லாத வேலை.

அடுத்தது, கொழுக்கியை யார் பூட்டுவது. இங்கேதான் வன்னிக்கென்று ஒரு நிலைமை இருக்கிறது. எங்கள் வெல்டிங் கடைக்காரர்களின் கைத்திறனை நான் மிகவும் மதிக்கிறேன். உதிரிப் பாகமே வராத காலத்தில் வாகனங்களை ஓடவைத்தவர்களின் வழிவந்தவர்கள். லான்ட்மாஸ்டர்ப் பெட்டியை ஒரு வாரத்தில் செய்துதருவார்கள். எங்கள் கராச்சுக்காரத் தம்பியிடம் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அக்கா, கொழுக்கி அடிக்கிறது பெரிய வேலையில்லை. இண்டைக்கே அடிச்சுத் தருவன். ஆனா எதில பூட்டுறது எண்டதுதான் கேள்வி. உழவு மெசினுக்கு அடியில கனத்த இரும்பு கிடக்கு. காருக்குப் பம்பருக்குப் பின்னால தகரமும் நுரையும்தான். அதில ஒட்டி விட்டா நாளைக்குப் பிடுங்கிக்கொண்டு விழும்."

முழுக்கச் சரி. குடும்பக் கார்களில் லொறிபோலத் தனியான சட்டம் கிடையாது, உடலே சட்டம். அதனால் டோ பார், காரைச் செய்தவர்கள் அதற்கென்றே விட்ட துளைகளில், உடலின் நீளவாட்டுப் பெட்டிச் சட்டங்களோடு போல்ட்டுப் போட்டுப் பூட்டப்படவேண்டும். பம்பரோடு ஒட்டுவதும், வண்டி நின்றால் கயிறு கட்டி இழுக்கத் தரும் வளையத்தில் தாங்கியைக் கொழுவுவதும் வேண்டவே வேண்டாம்.

நாங்கள் வாங்கும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. கைநூல் இருந்தால் அதுவும் ஜப்பான் மொழியில். அந்த நாட்டுக்கென்று செய்த சின்னக் கார்கள் பலவற்றுக்கு இழுவை எண்ணே கொடுக்கப்படவில்லை. எண் கொடுக்கப்படாத காருக்குக் கொழுக்கி பூட்டாதீர்கள் என்பதுதான் என் கருத்து. உங்கள் கார் வகை ஐரோப்பாவிலும் விற்கப்பட்டிருந்தால், அதற்கென்றே செய்த டோ பார் தொகுதி கிடைக்கும், தகட்டோடு வரும். எங்களுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அப்படியும் ஒரே பெயரில் வந்த ஜப்பான் வகைக்கும் ஐரோப்பிய வகைக்கும் பின்பக்கம் வேறுபடலாம். வாங்குமுன் பம்பரைக் கழற்றித் துளைகளைப் படம் எடுத்து, தொகுதியின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் தம்பி அதைச் செய்த பிறகுதான் அத்தானுக்குச் சரி என்று சொன்னோம். 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நின்றிருந்த நாட்டில், இருக்கிற காரின் உடலில் புதிதாகத் துளை போட்டுப் பரிசோதிக்கும் வசதி எங்களில் யாருக்கு இருக்கிறது?

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவருவதாக இருந்தால் இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஜேர்மனி, சுவிஸ், பிரான்ஸ், லண்டன் எல்லாம் 50 மில்லிமீற்றர் உருண்டை. கனடாவிலும் அமெரிக்காவிலும் தாங்கி உருண்டையில் பூட்டப்படுவதில்லை. காரின் பின்னால் ஒரு சதுரக் குழாய் இருக்கும், இரண்டு அங்குலம் அல்லது ஒன்றேகால் அங்குலம். தாங்கியின் தண்டு அதற்குள் நுழையும். ரொறன்ரோ மாமா அன்போடு கொண்டுவரும் தாங்கி, ஜேர்மனி அத்தான் அனுப்பிய டோ பாருக்குப் பொருந்தாது. அமெரிக்க உருண்டைகளில் பலவும் இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். பார்க்க ஒன்றுபோல இருக்கும், 50க்கென்று செய்த பிடியில் சரியாக அமராது. டோ பாரையும் தாங்கியையும் ஒரே பக்கத்திலிருந்து எடுங்கள். மடிப்புத் தாங்கி என்றால் 23 கிலோப் பயணப் பொதிக்குள் அடங்கும், ஆனால் அந்தப் பொதியில் பிறகு சொக்கிலேற் வராது என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உருண்டை ஏன் இவ்வளவு துல்லியமாக இருக்கவேண்டும்? தாங்கி அதை இறுக்கிப் பிடிப்பது உராய்வால். பூட்டுக் கம்பி எதுவும் குறுக்கே போவதில்லை. ட்ரெயிலர் இழுப்பவர்கள் உருண்டைக்குக் கிறீஸ் பூசுவார்கள். தாங்கிக்கு அது நேரெதிர்: கிறீஸ், வர்ணம், துரு எதுவும் இருக்கக்கூடாது. உலர்ந்த வெறும் உருக்காக இருக்கவேண்டும். வழுக்கினால் தாங்கி ஒரு பக்கம் சாய்ந்து சுழலும். தேய்ந்து 49 மில்லிமீற்றருக்குக் கீழே போன உருண்டையை மாற்றவேண்டும். உருண்டை அலுமினியமாக இருந்தால் பல தயாரிப்பாளர்கள் தங்கள் தாங்கியைப் பூட்டவே வேண்டாம் என்கிறார்கள். முல்லைத்தீவுப் பக்கம் உப்புக் காற்று. ஓடாத நாட்களில் உருண்டைக்கு மூடி போட்டுவைப்பதும், பூட்டுமுன் துணியால் நன்றாகத் துடைப்பதும் வழக்கமாகவேண்டும்.

இனித் தாங்கியின் வகை. சைக்கிளின் மேல் பாரில் கொழுவித் தொங்கவிடும் வகை ஒன்று, சில்லுகளைத் தட்டில் நிறுத்தும் வகை மற்றொன்று. எங்கள் வீடுகளில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவது லேடீஸ் சைக்கிளில். அதற்கு மேல் பார் கிடையாது. தொங்கும் வகை அதற்கு ஒத்துவராது. இடையில் ஒரு போலிப் பார் பூட்டிச் சமாளிக்கலாம், ஆனால் சைக்கிள் ஓட்டம் முழுக்க ஆடிக்கொண்டே வரும். தட்டு வகையையே எடுங்கள். சில்லு தட்டில், சட்டத்தை ஒரு கை பிடிக்கும், சில்லைப் பட்டி இறுக்கும்.

தட்டு வகையிலும் லுமாலா போன்ற சைக்கிளுக்கு மூன்று இடங்களைப் பார்க்கவேண்டும். 28 அங்குலச் சில்லுள்ள பெரிய சைக்கிளின் இரண்டு சில்லுக்கும் இடையிலான நீளம் தட்டின் எல்லைக்குள் வருகிறதா என்பது ஒன்று. இரண்டாவது, சைக்கிள்களுக்கிடையே உள்ள இடைவெளி. ஸ்ராண்டின் காலும் கரியரின் கம்பியும் பக்கத்துச் சைக்கிளின் கம்பிகளுக்குள் நுழைந்து நிற்கும். ஒன்றை முன்பக்கமாகவும் மற்றதைப் பின்பக்கமாகவும் திருப்பி நிறுத்தினால் ஹாண்டில்கள் முட்டாது. படும் இடங்களில் பழைய ரியூபை வெட்டிச் சுற்றுங்கள், அதைவிட நல்ல மெத்தை கடையில் இல்லை. மூன்றாவது, பட்டி மட்காட்டை அழுத்தாமல் சில்லை மட்டும் பிடிக்கிறதா என்பது. மட்காட் நசிந்தால் வீடு வந்து சேரும்வரை ரயரில் உரசும்.

காரின் சைலன்சர் வாய் எங்கே இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். அதற்கு நேரே சைக்கிள் ரயர் வந்தால், நூறு கிலோமீற்றர் சூட்டில் றப்பர் இளகும். சைக்கிளை மாற்றி நிறுத்தியோ, வெப்பத் தகடு போட்டோ தவிர்க்கலாம்.

தட்டு பின்னால் சாயுமா என்பதையும் கேளுங்கள். சாயாத தாங்கியில் டிக்கியைத் திறக்கச் சைக்கிளை இறக்கவேண்டும். வழியில் பிள்ளைக்கு வாந்தி வந்தால் மாற்றுடுப்பு டிக்கிக்குள்தானே இருக்கும். விலையில் கொஞ்சம் கூடினாலும் இந்த வசதிக்குக் கொடுப்பேன்.

வெளிச்சத்துக்கு வருவோம். பின்னால் சைக்கிள் நின்றால் காரின் பிரேக் லைற்றும் சிக்னலும் இலக்கத்தகடும் மறைகின்றன. ஏ9இல் இரவில் மாடுகள் வீதியில் படுத்திருக்கும். ஓமந்தைக்கு அப்பால் எத்தனை தடவை திடீரென்று பிரேக் போட்டிருப்பீர்கள்? உங்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அந்தச் சிவப்பு வெளிச்சம் தெரிந்தாகவேண்டும். நல்ல தாங்கியில் அதற்கென்று தனி லைற் பலகை இருக்கும், ஒரு செருகியால் காரோடு இணையும். பழைய வகை ஏழு முனை, இப்போதைய ஐரோப்பிய வகை பதின்மூன்று முனை. இடையில் மாற்றி விற்கிறார்கள். ஹைபிரிட் காரிலும் புதிய கார்களிலும் பின்லைற் கம்பியை வெட்டி நேரே முறுக்கக்கூடாது, கணினி பிழை காட்டும். தனி ரிலே பெட்டி வைத்து இணைக்கும் மின்வேலைக்காரரிடம் கொடுங்கள். இலக்கத்தகட்டைப் பற்றி, புறப்படுமுன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலோ போக்குவரத்துப் பொலிசிலோ கேட்டுவிடுங்கள். மறைந்த இலக்கத்தோடு ஏ9இல் நிம்மதியாகப் போகமுடியாது.

இவ்வளவும் படித்துவிட்டு, "எங்களிட்ட இருக்கிறது அல்டோதானே" என்று யோசிப்பவர்களுக்கு: உங்களுக்குக் கொழுக்கி வேண்டாம். மனதாரச் சொல்கிறேன். பிள்ளையின் இருபது அங்குலச் சைக்கிளின் முன்சில்லைக் கழற்றி, பின்சீற்றை மடித்தால் உள்ளே போகும். கிளிநொச்சி, யாழ்ப்பாணம் போகிறவர்கள் ரயிலில் பார்சலாகப் போடலாம். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் அடுத்த வருடம் ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் ரயில் திரும்ப ஓடத் தொடங்கியதிலிருந்து அந்த வழி இருக்கிறது. அடிக்கடி ஒரே ஊருக்குத்தான் போகிறீர்கள் என்றால், அங்கே ஒரு பாவித்த சைக்கிளை வாங்கித் தாழ்வாரத்தில் விடுங்கள். டோ பாரும் தாங்கியும் பூட்டும் செலவில் அப்படிப் பல சைக்கிள் வாங்கலாம். எங்கள் வீட்டிலும் பெரியவர்களுக்கு இதைத்தான் செய்தோம். அப்பாவின் பழைய சைக்கிளுக்கு ரயரும் செயினும் மாற்றியதோடு இவருடைய பிரச்சினை தீர்ந்தது.

கொழுக்கி பூட்டியவர்களுக்குக் கடைசியாக ஒன்று. புறப்படும்போது எவ்வளவு இறுக்கினாலும், முதல் இருபது, முப்பது கிலோமீற்றரில் பட்டி கொஞ்சம் இளகும். அந்தத் தூரத்துக்குள் ஒருமுறை நிறுத்தி எல்லாவற்றையும் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்களுக்குப் புளியங்குளம் சந்தி வசதி. கிளிநொச்சியிலிருந்து தெற்கே புறப்படுகிறவர்களுக்கு முறிகண்டி இருக்கிறது. பிள்ளையாருக்காக வாகனம் எப்படியும் அங்கே நிற்கும். தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கப் போகுமுன், உருண்டையின் பிடியையும் ஒவ்வொரு பட்டியையும் கையால் இழுத்துப் பாருங்கள்.